ஆறுக்கு அடுத்து எட்டு

போன மாதம், நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது என் இடத்தில் இருக்கும் கண்காணிப்பாளர் பேசினார்.

"அக்கா, வர்ற வருசத்துல இருந்து எல்லா டிகிரிக்கும் மைனர் படிப்பு வைக்கணும்னு பிரின்சிபால் சொல்லிட்டாக. நீங்க இருந்தப்பவே ஒண்ணு நடந்துச்சாம்ல? அந்த பைல் எங்கன இருக்கு?"

பைல் இருக்கும் பீரோவைச் சொன்னேன். கூடவே, "உள்ள ஒரு கார்பன் நகல் இருக்கும். நாலாம் பக்கத்துல ஒரு பென்சில் புள்ளி இருக்கும். அத மட்டும் அழிச்சுராதீக" என்றேன். ஏன் என்று கேட்டார். அது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் தேவாரம் என்ற ஊரில் பிறந்து தேனியில் வாழ்க்கைப்பட்டவள். தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்த கையோடு இந்தக் கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்தேன். தட்டச்சர், உதவியாளர், கண்காணிப்பாளர் என்று ஏறியதற்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரத்துக்கு வந்தேன், நேரத்துக்குப் போனேன். கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தபோதுதான் வேலையின் ருசியே மாறியது. பாடத்திட்டத்தை நாமே வகுக்கலாம், தேர்வை நாமே நடத்தலாம். பட்டம் மட்டும் மதுரையில் இருக்கும் பல்கலைக்கழகம் தரும். அதற்காகக் கல்லூரியின் கல்வி மன்றம் எடுக்கிற ஒவ்வொரு முடிவையும் எழுதி, தட்டச்சு செய்து, பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பிரிவு என் கைக்கு வந்தது.

எனக்கு மேலே இருந்தவர் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் தேவராஜ் சார். இயற்பியல் பேராசிரியர். போடி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். துணி அளக்கிற நிதானம் அவர் கையில் இருந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அரையடி மர ஸ்கேலை எடுப்பார். முதல் வரிக்குக் கீழே வைத்து, உதடு மட்டும் அசைய வாசிப்பார். வரி முடிந்தால் ஸ்கேல் ஒரு வரி இறங்கும். பிழை இருந்தால் ஓரத்தில் கூரான பென்சிலால் ஒரு புள்ளி. என்ன பிழை என்று சொல்ல மாட்டார். காகிதத்தைத் திருப்பித் தருவார். நாம்தான் அந்த வரியைத் தேடிப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் மூன்று புள்ளி வந்துவிட்டால் அன்று மத்தியானச் சோறு எனக்கு இறங்காது.

முக்கியமான தீர்மானங்களுக்கு இன்னொரு முறை உண்டு. கையெழுத்தில் இருக்கும் தீர்மானப் பதிவேட்டை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் தட்டச்சுப் பிரதியில் ஸ்கேல் வைத்துக் கூடவே வருவார். அப்படி ஒத்துப் பார்த்த பிறகுதான் 'உண்மை நகல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

தன்னாட்சி வந்த இரண்டாம் வருடம், வரலாற்றுத் துறைக் கருணாகரன் சார் ஒரு யோசனையோடு வந்தார். கணிதம், வேதியியல், வணிகவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு நாலு தாள் கொண்ட ஒரு துணைப் படிப்பு. வரலாறு, தமிழ், பொருளாதாரம், தத்துவம் எல்லாம் கலந்தது. ஒரே வகுப்பில் இரண்டு துறை ஆசிரியர்கள் சேர்ந்து நிற்பார்கள். கடைசித் தாள், பிள்ளைகள் தம் ஊரிலேயே ஒரு விஷயத்தை விசாரித்து எழுதும் அறிக்கை. சான்றிதழில் 'கணிதம்' என்று மட்டும் போடாமல், 'மானுடப் புலத் துணைப் படிப்புடன்' என்று சேர்த்துப் போட வேண்டும். வாயால் சொல்ல நீளமாக இருந்ததால் எல்லோரும் மைனர் என்றே சொன்னோம்.

கல்வி மன்றக் கூட்டத்தில் குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். வேதியியல் தலைவர் எழுந்தார். "என் பிள்ளைக லேப்ல சாயந்தரம் வரைக்கும் நிக்கிறாக. இதுக்கு மேல நாலு பேப்பர்னா யாரு படிப்பா?"

கருணாகரன் சார் அதற்கும் பதில் வைத்திருந்தார். "எல்லாரும் படிக்கிற பொது விருப்பப் பாடம் ரெண்டு இருக்குல்ல, மைனர் எடுக்கிறவகளுக்கு அந்த ரெண்டையும் விட்டுருவோம். சுமை பாதியாயிரும்."

அதன் மேல் ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். அதுதான் ஏழாம் தீர்மானம். வாதம் நீண்டதால் பதிவேட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் அது நிறைத்துக்கொண்டது. ஆறாம் தீர்மானம் முந்தின பக்கத்தோடு முடிந்தது. எட்டாம் தீர்மானம் அடுத்த பக்கத்தின் தலையில் தொடங்கியது.

அடுத்த நாள் அதைத் தட்டச்சு செய்தேன். தாளைப் புரட்டும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருக்கிறது. ஆறு முடிந்ததும் எட்டை அடித்தேன். காரணம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டில் தொல்லை இல்லை, அவசரமும் இல்லை. அன்று பதிவேடு முதல்வர் மேசைக்குப் போய்விட்டதால், ஒத்துப் பார்க்கும்போது நான் கார்பன் நகலையே வாசித்தேன், தேவராஜ் சார் மேல் பிரதியைப் பார்த்தார். இரண்டும் ஒரே அடி. பிழை எப்படித் தெரியும்? கையெழுத்தாகி மதுரைக்குப் போய்விட்டது.

முதல் வருடம் மைனருக்குப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி முருகேஸ்வரி, காமயகவுண்டன்பட்டிப் பெண், பி.எஸ்சி. கணிதம். விண்ணப்பத்தில் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்பதால் தாயைக் கூட்டி வந்திருந்தாள். அப்பா இல்லை. தாய் பாண்டியம்மாள் தினமும் ஜீப்பில் மலையேறி, கேரளப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். காகிதத்தை வாங்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மைனர்னா எங்கூர்ல வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஊர் சுத்துறவகளத்தான் சொல்லுவாக. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா அது?"

முருகேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஆத்தா, அது வேற மைனரு. நீ கைநாட்டு வையி." எனக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. பாண்டியம்மாளும் சிரித்துக்கொண்டே மைப் பெட்டியில் விரலை வைத்தார்.

மூன்றாம் வருடம் அவள் அறிக்கைக்கு எடுத்துக்கொண்டது அந்த ஜீப்பைத்தான். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள், யார் முன்னால் உட்காருவது, போகிற வழியில் என்ன பேசுகிறார்கள், தோட்டத்தில் மலையாளமும் தமிழும் எப்படிக் கலக்கின்றன, கூலித் தகராறு வந்தால் பெண்களுக்குள் யார் பேசித் தீர்ப்பது. ஒரு கோடை விடுமுறை முழுக்கத் தாயோடு வேலைக்குப் போய் எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வு அன்று மதிப்பெண் தாளில் கையெழுத்து வாங்க நான் அந்த அறைக்குப் போனேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் கதவோரம் நின்றுவிட்டேன். எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது.

அவளுக்கு வடக்கே ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சமூகவியலுக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகையோடு, விடுதியோடு. கணிதம் படித்தவளுக்கு அந்த இடம் கிடைக்க மைனரும் அந்த அறிக்கையும்தான் காரணம். சேரும் நாளில் தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தேர்வு முடிவு வந்தது. பட்டம் பெறத் தகுதியானவர்களின் பட்டியலை மதுரைக்கு அனுப்பினோம். இரண்டு வாரத்தில் மற்ற எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. மைனர் எடுத்த பதினோரு பேரின் பெயர் மட்டும் ஒரு தனித்தாளில் திரும்பி வந்தது. 'மேற்கண்ட மாணவர்கள் பொது விருப்பப் பாடம் இரண்டு தாள்களை முடிக்கவில்லை. பட்டம் பெறத் தகுதியில்லை.'

யாரோ தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தீர்மான நகலைக் காட்டினால் தீர்ந்தது என்று பைலைப் பிரித்தேன். ஆறு இருந்தது. அதற்கு அடுத்து எட்டு இருந்தது. பதிவேட்டை எடுத்து வந்து பார்த்தேன். ஏழு அங்கே, என் கையெழுத்திலேயே, இரண்டு பக்கத்துக்கு இருந்தது.

தேவராஜ் சார் ஒரு கூட்டத்துக்காகத் திருச்சி போயிருந்தார். மறுநாள்தான் வருவார். எங்கள் பிரிவு உதவியாளர் பாலு என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கெட்டவர் இல்லை. எனக்கு உதவத்தான் சொன்னார்.

"அக்கா, அந்தப் பழைய டைப் மெசினு ஸ்டோர் ரூம்லதான கெடக்கு? ஏழ மட்டும் தனிப் பக்கமா அடிச்சுச் சொருகிருவோம். மதுரையில போயி, நாங்க அனுப்புனோம், நீங்கதான் ஒரு பக்கத்தத் தொலச்சுட்டீகன்னு சொல்லிருவோம். அங்கன இருக்கிற பைல் குவியலுக்கு எவரு போயி பாக்கப் போறாக?"

வேண்டாம் என்று உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போனேன். உறையைத் தூக்கினேன். தாளைச் சொருகி, 'தீர்மானம் 7' என்று அடிக்கவும் செய்தேன். அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. மதுரையில் அந்தப் பைலை வைத்திருப்பவரும் என்னைப் போல ஒரு கண்காணிப்பாளராகத்தான் இருப்பார். பக்கத்தைத் தொலைத்தவர் என்று நாளைக்கு அவர் தன் மேலதிகாரி முன்னால் நிற்பார். நான் முகம் பார்த்திராத ஒருவர். தாளை உருவி நாலாய்க் கிழித்தேன்.

நான் இருக்கைக்குத் திரும்பும்போது முருகேஸ்வரியும் பாண்டியம்மாளும் எதிரே நின்றார்கள். சான்றிதழ் வாங்க, அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார் பாண்டியம்மாள். திரும்பி வந்த தாளில் இருந்ததைச் சொன்னேன். அதில் என் பங்கு என்ன என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

பாண்டியம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, மத்த பிள்ளைகள விட இவ கூடத்தான படிச்சா? கூடப் படிச்சவளுக்கு எப்படிம்மா குறையும்?"

முருகேஸ்வரி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மேடம், எந்தத் தேதிக்குள்ள வரும்னு மட்டும் சொல்லுங்க. இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு. அதுக்குள்ள வந்தாப் போதும்."

அவர்கள் படியிறங்குவதைப் பார்த்தேன். எழுந்து பின்னாலேயே போனேன். "முருகேஸ்வரி, தப்பு மதுரையில இல்ல. நாந்தான் அடிக்கிறப்ப விட்டுட்டேன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலை தேவராஜ் சார் வந்ததும் பதிவேடு, கார்பன் நகல் இரண்டையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். ஸ்டோர் ரூமில் அடித்த ஒரு வரியையும் சேர்த்தே சொன்னேன். அவர் ஸ்கேலை எடுத்தார். பதிவேட்டில் ஏழாம் தீர்மானம் முழுவதையும் வரி வரியாக வாசித்தார். பிறகு நகலின் நாலாம் பக்கத்துக்கு வந்தார். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் ஸ்கேல் வெகுநேரம் நின்றது. பென்சிலை எடுத்தார். புள்ளியை எட்டுக்கு எதிரே வைப்பார் என்று நினைத்தேன். பக்கத்தின் அடியில், தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பதிவேடு இல்லாம ஒத்துப் பாத்தது நானுந்தான்" என்றார். "கடிதம் அடிங்க. நடந்தது அப்படியே இருக்கட்டும்."

நான் அடித்துக் கொண்டுபோன கடிதத்தில், 'இவ்விடுபாட்டுக்கான பொறுப்பு என்னுடையது' என்று என் பெயரைப் போட்டிருந்தேன். "'எங்களுடையது'ன்னு மாத்துங்க" என்று திருப்பித் தந்தார். மாற்றி அடித்தேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். பதிவேட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். ஆண்டிபட்டிக் கணவாயைப் பஸ் தாண்டியது. சார், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நானும் இல்ல" என்றார். அவரும் பயந்துதான் இருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் எங்களை ஒரு பிரிவு அலுவலரிடம் அனுப்பினார்கள். தலைநரைத்த மனிதர். கடிதத்தைப் படித்தார். பதிவேட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"சார், இது உங்க காலேஜ்ல, உங்க பீரோவுல இருக்கிற பதிவேடு. இதுல நீங்க எப்ப வேணாலும் எழுதியிருக்கலாம். எங்களுக்கு வந்தது எதுவோ அதுதான் கணக்கு."

"உங்களுக்கு வந்ததயே பாருங்க" என்றார் தேவராஜ் சார்.

அலுவலர் மணி அடித்தார். ஒரு பெண் கண்காணிப்பாளர் எங்கள் கல்லூரியின் பைலைக் கொண்டுவந்தார். கிட்டத்தட்ட என் வயது. வந்த காகிதம் ஒவ்வொன்றின் மூலையிலும் அவர்களுடைய எண் முத்திரை வரிசையாக இருந்தது. ஒரு பக்கம் காணாமல் போனாலும் தெரியும், புதிதாகச் சொருகினாலும் தெரியும். ஸ்டோர் ரூமில் நான் கிழித்துப் போட்ட தாளை நினைத்துக்கொண்டேன்.

"போன மாசங்கூட ஒரு காலேஜ்ல இருந்து புதுசா ஒரு பக்கத்த அடிச்சுக்கிட்டு வந்தாக. நம்பர் காட்டிக் கொடுத்துருச்சு" என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னார். "அவுக பைல வாங்கவே மாட்டேன்னு சார் திருப்பி அனுப்பிட்டாக."

அலுவலர் நாலாம் பக்கத்தை எடுத்தார். தேவராஜ் சார் சட்டைப் பைக்குள்ளிருந்து ஸ்கேலை எடுத்து, நீட்டாமல், கையிலேயே வைத்துக்கொண்டார். அலுவலர் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"ஆறு... எட்டு." நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "ஏழு எங்க?"

"அதத்தான் கொண்டாந்திருக்கோம்" என்றேன்.

இப்போது பதிவேட்டை அவரே கேட்டு வாங்கினார். ஏழாம் தீர்மானத்தின் அடியில் எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தும் இருந்தது. அதில் பல்கலைக்கழகம் அனுப்பிவைத்த பிரதிநிதியின் கையெழுத்தும் ஒன்று. அலுவலர் தன் பிரதியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையும் அவருடைய சுருக்கொப்பமும்.

"மூணு வருசமா நம்ம மூணு பேருமே எண்ணத் தெரியாம இருந்திருக்கோம்" என்றார் அவர். முதலில் சிரித்தது அந்தப் பெண் கண்காணிப்பாளர்தான். பிறகு அலுவலர். தேவராஜ் சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்புக்குப் பதில் அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

அலுவலர் அங்கேயே குறிப்பு எழுதினார். பதிவாளர் ஒப்புதலுக்குப் போக வேண்டும், நாலு நாள் ஆகும் என்றார். வெளியே வந்ததும் சார் நேராக ஓட்டலுக்குள் நுழைந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினேன்.

நாலு நாள் என்றது ஆறு நாளானது. ஏழாம் நாள் காலை, பதினோரு சான்றிதழும் ஒரே உறையில் பதிவுத் தபாலில் வந்தன. உறையைப் பிரித்து எண்ணினேன். பாலுவை எண்ணச் சொன்னேன். பிறகு தேவராஜ் சார் எண்ணினார். "சொல்லிருங்க" என்று தன் மேசைத் தொலைபேசியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அறையை எனக்கு விட்டு வெளியே போனார்.

முதல் போன் காமயகவுண்டன்பட்டிக்கு, முருகேஸ்வரி தெருவில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக்கு. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஓடி வந்து மூச்சு வாங்கப் பேசினாள். வந்துவிட்டது என்றேன். "ஆத்தாகிட்ட நீங்களே சொல்லுங்க மேடம், நாஞ் சொன்னா நம்பாது" என்றாள். பாண்டியம்மாள் ரிசீவரை வாங்கினார்.

"வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சு. நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க."

"சரிம்மா." ஒரு நொடி தயங்கினார். "அன்னைக்கு உம்மேல வருத்தந்தான். நீயே எறங்கி வந்து சொன்னியேன்னு அப்புறம் நெனச்சுக்கிட்டேன். இனி அத நீயும் மறந்துரு."

ரிசீவரை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அத்தனை நாளும் தோளை இறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது, அது தளர்ந்தபோதுதான் தெரிந்தது.

முருகேஸ்வரி குறித்த நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். எம்.ஏ. முடித்து, மேலே படித்து, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். மைனர் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அந்த வருடம் சிலர் சொன்னார்கள். தேவராஜ் சார் கல்வி மன்றத்தில் எழுந்து, குறை படிப்பில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது, அதைச் சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த வருடம் இருபதுக்கு மேல் விண்ணப்பம் வந்தது. நான் ஓய்வு பெறும் வரை அது ஒரு வருடமும் நிற்கவில்லை.

சான்றிதழ் வந்த அன்றைக்குப் பத்துப் பேரிடம் போனில் பேசி முடிக்க மதியம் ஆகிவிட்டது. சிலர் அழுதார்கள், ஒருவன் விசிலடித்தான், ஒரு பெண்ணின் தகப்பனார் என்னைத் திட்டத் தொடங்கி, பாதியில் நன்றி சொல்லி முடித்தார். மிச்சம் இருந்தது செல்வம் என்கிற வணிகவியல் பையன். பரீட்சை முடிந்த மறுநாளே குமுளியில் மாமாவின் ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். சிக்கலைச் சொல்லி நாங்கள் அனுப்பிய கடிதம் எதுவும் அவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. கடையின் போன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பின்னணியில் யாரோ மலையாளத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செல்வம், உன் சர்ட்டிபிகேட் வந்துருச்சுப்பா. எப்ப வேணாலும் வந்து வாங்கிக்க."

"சரி மேடம்." அப்புறம் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அதுக்கா போன் போட்டு கூப்பிட்டீங்க? ஏதும் பிரச்சினையா மேடம்?"

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.